டிஸ்க் போன பிறகு தொடங்கும் வேலை

வணக்கம். இங்கே வந்திருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் டிரைவர், அதாவது ஒரு கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள், எழுதுகிறவர்கள் அல்லது எழுதப்போகிறவர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

விர்ச்சுவல் டிஸ்க் என்று இன்று நான் சொல்வது இதைத்தான்: விண்டோஸின் கண்ணுக்கு அது சாதாரண டிஸ்க். டிரைவ் எழுத்து உண்டு, பார்ட்டிஷன் உண்டு, என்டிஎஃப்எஸ் என்ற கோப்பமைப்பு உண்டு. ஆனால் பின்னால் சுழலும் தகடும் இல்லை, ஃபிளாஷ் சிப்பும் இல்லை. எங்கோ ஒரு சர்வரில் கிடக்கும் பெரிய ஃபைல்தான் டிஸ்க். நடுவில் இருப்பது நெட்வொர்க். அது அறுந்தால் டிஸ்க்கையே பிடுங்கிய மாதிரி. பென்டிரைவை யாரோ கையால் உருவுகிறார்கள், யூஎஸ்பி ஹப் அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. நமக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. போய்விட்டது என்று முடிவு செய்வதும் நாம்தான், அறிவிப்பதும் நாம்தான்.

பல வருடங்களுக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் கணக்கு மென்பொருள் இப்படிப்பட்ட டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் நெட்வொர்க் ஸ்விட்ச் நின்றுபோனது. கணக்கு எழுதிய அம்மா புரோகிராமை மூடப் பார்த்தார், மூடவில்லை. டாஸ்க் மேனேஜரிலும் போகவில்லை. ஷட்டவுன் கொடுத்தார், திரை அப்படியே நின்றது. கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தார். அன்று காலை முதல் போட்ட வவுச்சர்களை மறுபடியும் உட்கார்ந்து போட வேண்டியிருந்தது. அந்த டிரைவரை எழுதியதில் எனக்கும் பங்கு உண்டு. சர்வரின் பதிலுக்காக டிரைவருக்குள் ஓடும் ஒரு த்ரெட், அதாவது ஒரு வேலை இழை, காலவரையே இல்லாமல் காத்திருந்தது. ஐஆர்பி, அதாவது டிரைவருக்கு வரும் வேலைக் கோரிக்கை, முடியாததால் அதை அனுப்பிய புரோகிராமும் சாக முடியவில்லை. அன்றிலிருந்து நான் சொல்லிவருவது ஒன்றுதான்: டிஸ்க் போகலாம், ஆனால் வந்த ஒவ்வொரு கேள்விக்கும் பதில் போயே ஆக வேண்டும். ‘இல்லை’ என்ற பதிலாக இருந்தாலும் சரி.

விண்டோஸில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நம் டிரைவரே பஸ் டிரைவர், அதாவது தன் கீழ் என்னென்ன டிஸ்க்குகள் இருக்கின்றன என்று விண்டோஸுக்குச் சொல்வது. ‘என் பிள்ளைகளின் பட்டியல் மாறிவிட்டது’ என்று ஐஓஇன்வாலிடேட்டிவைஸ்ரிலேஷன்ஸ் என்ற ஃபங்ஷன் மூலம் சொல்கிறோம். கருவிகள் வருவதையும் போவதையும் கவனிக்கும் விண்டோஸின் பிஎன்பி மேனேஜர் பட்டியலைக் கேட்கும். போன டிஸ்க்கை விட்டுவிட்டு மற்றவற்றைக் கொடுக்கிறோம். உடனே அந்த டிஸ்க்குக்கு சர்ப்ரைஸ் ரிமூவல் என்ற ஐஆர்பி வரும். விண்டோஸ் 98, எம்இ காலத்தில் இந்த முன்னறிவிப்பு கிடையாது, டிஸ்க்கை அடியோடு நீக்கச் சொல்லும் ரிமூவ் என்ற ஐஆர்பி நேராக வந்து நிற்கும். விண்டோஸ் 2000 முதல் இரண்டும் தனித்தனிக் கட்டம்.

நிறைய பேர் சறுக்குவது இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவில்தான். சர்ப்ரைஸ் ரிமூவல் வந்ததுமே, விண்டோஸுக்குள் அந்த டிஸ்க்கைக் குறிக்கும் டிவைஸ் ஆப்ஜெக்டை அழித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த டிஸ்க்கில் ஏதோ ஒரு புரோகிராம் ஃபைலைத் திறந்து வைத்திருக்கும். திறந்த ஃபைலின் மேல் அது வைத்திருக்கும் பிடி, அதாவது ஹேண்டில், மூடப்படும் வரை ரிமூவ் வராது. ஒரு நொடியில் வரலாம், சாயங்காலம் வரை வராமலும் இருக்கலாம். அதுவரைக்கும் ரீட், ரைட் எல்லாம் வந்துகொண்டே இருக்கும். நெட்வொர்க் நடுவிலேயே திரும்பி வந்தாலும் பழைய பிடிஓவுக்கு, அதாவது அந்த டிஸ்க்குக்காக நாம் உருவாக்கிய டிவைஸ் ஆப்ஜெக்டுக்கு, உயிர் கொடுக்கக் கூடாது. புதிதாக ஒன்றை உருவாக்கித்தான் அறிவிக்க வேண்டும்.

அப்புறம், முதல் கட்டத்தில் செய்ய வேண்டியது: ‘போய்விட்டது’ என்று கொடி வைப்பது, கியூவில் இருக்கும் கோரிக்கைகளையெல்லாம் தோல்வி என்று முடிப்பது, நெட்வொர்க் சாக்கெட்டில் காத்திருக்கும் த்ரெட்டை எழுப்புவது. கேட்க எளிது. ஆனால் இந்த இடத்தை நெருங்கிப் பாருங்கள். முதல் பிராசஸரில் ஒரு ரைட் வருகிறது. கொடியைப் பார்க்கிறது, இன்னும் வைக்கவில்லை. சரி என்று கியூவில் சேரப் போகிறது. அந்த இடைவெளியில் இரண்டாவது பிராசஸர் கொடியை வைத்து, கியூவைக் காலி செய்து, வேலை முடிந்தது என்று போய்விடுகிறது. இப்போது முதல் பிராசஸர் தன் ரைட்டைக் கியூவில் போடுகிறது. அதை எடுக்க இனி யாரும் வரப்போவதில்லை. அந்த அம்மாவின் திரை மறுபடியும் நிற்கும். இதற்கு மருந்து ஒன்றுதான்: கொடியைப் பார்ப்பதும் கியூவில் சேர்ப்பதும் ஒரு நேரத்தில் ஒரு பிராசஸரை மட்டும் உள்ளே விடும் ஒரே ஸ்பின் லாக்குக்குள் நடக்க வேண்டும். கொடி வைப்பதும் கியூவில் இருப்பதைத் தனிப் பட்டியலுக்கு மாற்றுவதும் அதே லாக்குக்குள்தான். ஐஆர்பிகளை முடிப்பது லாக்கை விட்ட பிறகு.

இரண்டாம் கட்டத்துக்குக் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தி முடிகிறது என்றால் முதலில் கதவைச் சாத்துவார்கள். உள்ளே உட்கார்ந்தவர் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை இலையை எடுக்க மாட்டார்கள். கடைசி ஆள் எழுந்த பிறகுதான் பாயைச் சுருட்டுவார்கள். ரிமூவ் லாக் என்பது உட்கார்ந்திருப்பவர்களின், அதாவது இன்னும் முடியாத கோரிக்கைகளின், எண்ணிக்கைதான். ஐஓஅக்வயர்ரிமூவ்லாக் என்றால் ஒருவர் உட்கார்ந்தார். ரிமூவ் வந்ததும் ஐஓரிலீஸ்ரிமூவ்லாக்அண்ட்வெயிட் கதவைச் சாத்திவிட்டுக் காத்திருக்கும். புதிதாக வருபவருக்கு டெலீட் பெண்டிங் என்ற பதில். அது திரும்பிய பிறகே நினைவகத்தை விடுவிக்கலாம்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ரைட் விஷயம். வேகத்துக்காகச் சிலர் டிரைவருக்குள்ளேயே ஒரு கேஷ், அதாவது தற்காலிகச் சேமிப்பு, வைத்து, சர்வருக்குப் போய்ச் சேரும் முன்பே ‘எழுதியாயிற்று’ என்கிறார்கள். சரி, கேஷ் உள்ள டிஸ்க்குகளும் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் தேங்கியதையெல்லாம் எழுதி முடிக்கச் சொல்லும் ஃபிளஷ் வந்தால் பொய் சொல்லக் கூடாது. சர்வர் ஒப்புக்கொண்ட பிறகே வெற்றி. டிஸ்க் போன பிறகு வரும் ஃபிளஷுக்கு, கேஷைத் தூக்கி எறிந்துவிட்டு ‘எழுத ஒன்றும் இல்லை, வெற்றி’ என்று பதில் கொடுத்த நிரலைப் பார்த்திருக்கிறேன். மேலே இருக்கும் டேட்டாபேஸ் அதை நம்பிப் பரிவர்த்தனையை முடித்துவிடும். மாற்றங்களைக் குறித்துவைக்கும் என்டிஎஃப்எஸ்ஸின் ஜர்னல் தன் கோப்பமைப்பின் கட்டமைப்பைத்தான் காப்பாற்றும், ஃபைலுக்குள் இருக்கும் உங்கள் தரவை அல்ல. தோல்வியைத் தோல்வி என்று சொன்னால், விண்டோஸ் கேஷில் தேங்கிய ரைட்டுகளைச் சேமிக்க முடியவில்லை என்ற எச்சரிக்கையாவது பயனரின் திரையில் வரும்.

ரேமில் இருக்க வேண்டிய பக்கங்களை விண்டோஸ் ஒதுக்கிவைக்கும் பேஜ் ஃபைலை இந்த டிஸ்க்கில் வைக்க விடாதீர்கள். அதற்கு முன்னால் அனுமதி கேட்டு டிவைஸ் யூசேஜ் நோட்டிஃபிகேஷன் என்ற ஐஆர்பி வரும்போதே மறுத்துவிடுங்கள். இல்லையென்றால் நெட்வொர்க் அறுந்தால் விண்டோஸின் மையமான கெர்னலே தன் பக்கத்தைப் படிக்க முடியாமல் 0x7ஏ புளூ ஸ்கிரீனோடு விழும்.

சோதனைக்கு, விண்டோஸோடு வரும் டிரைவர் வெரிஃபையர் என்ற கருவியைப் போட்டு, அதில் நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் ஸ்பெஷல் பூலையும் இயக்குங்கள். விடுவித்த நினைவகத்தைத் தொட்ட அந்த இடத்திலேயே மெஷின் விழுந்துவிடும், எந்த வரி என்று கையில் கிடைக்கும். சாதாரணமாக ஓடவிட்டால் இந்தத் தவறுகள் என்றோ ஒருநாள், யாரோ ஒருவரின் மெஷினில்தான் தலைகாட்டும்.

இப்போது இந்த லேப்டாப்பைப் பாருங்கள். நெட்வொர்க் டிஸ்க்குக்கு ஒரு பெரிய ஃபைல் காப்பி ஆகிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் என் சின்ன புரோகிராம் ஒன்று அதே டிஸ்க்கில் ஒரு ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது. கேபிளை எடுக்கிறேன். காப்பி பிழை காட்டி நின்றுவிட்டது. டிரைவ் எழுத்து மறைந்துவிட்டது. டீபக்கரில் சர்ப்ரைஸ் ரிமூவல் என்ற வரி வந்திருக்கிறது, ரிமூவ் இன்னும் இல்லை. என் புரோகிராமில் ரீட் கொடுக்கிறேன்: ‘டிவைஸ் இல்லை’ என்று அந்த நொடியே பதில். இப்போது புரோகிராமை மூடுகிறேன். ஹேண்டில் போனது. இதோ, ரிமூவ் வந்துவிட்டது. லாக் எண்ணிக்கை பூஜ்யம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.