ராத்திரி 9 மணிக்கு மட்டும் நெட் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது?

வணக்கம். காலையில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 100 எம்.பி. (நொடிக்கு 100 மெகாபிட்) பிளானுக்கு 100 வருகிறது. ராத்திரி 9 மணிக்கு அதே வீட்டில், அதே டிவியில் படம் நின்று நின்று ஓடுகிறது. ஆபரேட்டரைக் கூப்பிட்டால், "எல்லாரும் ஒரே நேரத்துல யூஸ் பண்றாங்க சார், லோடு அதிகம்" என்கிறார். அப்படியானால், வீட்டு இணையத்துக்கான தேவை இப்படியே ஏறிக்கொண்டு போனால் கம்பெனிகளால் தாங்கவே முடியாதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாங்க முடியும். இடறுகிற இடம் பெரும்பாலும் உங்கள் ஏரியாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போதுமான அளவு வாங்கி வைப்பதும் வைக்காததும் பணத்தைப் பார்த்து எடுக்கிற முடிவு.

(திரையில்: 2020 மார்ச், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நகரச் சாலை)

இந்தக் கேள்விக்கு உலகமே ஒரு பரீட்சை எழுதியிருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று இந்தியா முழுக்க ஊரடங்கு வந்தது. ஆபீஸ், பள்ளிக்கூடம், சினிமா எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன. 2019 டிசம்பரில் ஜூம் வீடியோ கூட்டங்களில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் சுமார் 1 கோடி பங்கேற்புகள். 2020 ஏப்ரலில் அது 30 கோடி. எல்லோருக்கும் பயம். ஐரோப்பிய ஒன்றியம் கேட்டுக்கொண்டதால் நெட்ஃப்ளிக்ஸ் அங்கே தன் டேட்டாவை 25 சதவீதம் குறைத்தது. இந்தியாவிலும் வீடியோ கம்பெனிகள் கூடிப் பேசி, மொபைல் நெட்வொர்க்கில் எச்.டி.யை நிறுத்தி, தரம் குறைந்த 480பி மட்டும் கொடுப்பதாக முடிவெடுத்தன.

ஆனால் பயந்த அளவுக்கு நடக்கவில்லை. பிரிட்டனின் பெரிய இணையக் கம்பெனியான பி.டி. மார்ச் மாதம் தன் கணக்கை வெளியிட்டது. பகல் நேரப் போக்குவரத்து 35 முதல் 60 சதவீதம் வரை கூடி, நொடிக்கு 7.5 டெராபிட்டைத் தொட்டிருந்தது (1,000 மெகாபிட் ஒரு ஜிகாபிட், 1,000 ஜிகாபிட் ஒரு டெராபிட்). அந்த நெட்வொர்க் அதற்கு முன்பே ஓர் இரவில் 17.5 டெராபிட்டைத் தாங்கிக் காட்டியது! பிராட்பேண்டை யாரும் சராசரிக் கணக்குப் போட்டுக் கட்டுவதில்லை. ராத்திரி உச்ச நேரத்துக்குத்தான் கட்டுகிறார்கள். ஊரடங்கில் கூடியது பெரும்பாலும் பகல் பயன்பாடு. அது காலியாகக் கிடந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அடி வாங்கியது அப்லோடுதான். அமெரிக்காவில் பல வீடுகளுக்கு இணையம் டிவி கேபிள் வழியாக வருகிறது. அந்தக் கேபிள்களில் வீட்டிலிருந்து வெளியே போகும் பக்கத்துக்கு அலைவரிசையில் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரைதான் ஒதுக்கியிருந்தார்கள். மீதியெல்லாம் டவுன்லோடுக்கு. படம் பார்ப்பதற்கென்று கட்டியது. நாள் முழுக்க வீடியோ காலில் முகம் காட்டுவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. ஃபைபர் (கண்ணாடி இழை) வீடுகளில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். 2020 மார்ச்சில் இந்தியாவில் கம்பி வழி பிராட்பேண்ட் இணைப்புகள் சுமார் 1.9 கோடி. நான்கே ஆண்டில் அது 4 கோடியானது. புதிதாக வந்தவற்றில் பெரும்பாலானவை ஃபைபர். அந்த ஃபைபர் உங்கள் வீட்டுக்கு எப்படி வருகிறது என்று பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

(திரையில்: கம்பத்தில் தொங்கும் சின்னக் கறுப்புப் பெட்டி. மூடியைத் திறந்து அருகில் காட்டவும்)

இதற்குள் இருப்பதுதான் ஸ்ப்ளிட்டர். ஒரு பக்கம் ஒரே ஒரு ஃபைபர் உள்ளே வருகிறது, மறுபக்கம் எட்டு வெளியே போகிறது. ஒவ்வொன்றின் முனையிலும் நீலத்திலோ பச்சையிலோ ஒரு சின்ன கனெக்டர். உள்ளே கரண்ட் கிடையாது, சிப் கிடையாது. வருகிற ஒளியைப் பங்கு போடும் கண்ணாடி மட்டும்தான். இப்படி இரண்டு கட்டமாகப் பிரித்து, ஒரே ஃபைபரில் 32 அல்லது 64 வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கிறார்கள். அந்த ஃபைபரின் மறுமுனை ஆபரேட்டரின் அறையில், ஓ.எல்.டி. என்ற கருவியில் இருக்கிறது.

இன்று பரவலாக இருக்கும் ஜிபான் முறையில், அந்த ஒரு ஃபைபரில் நொடிக்கு 2.5 ஜிகாபிட் இறங்கும், 1.25 ஜிகாபிட் ஏறும். 64 வீட்டுக்கும் சேர்த்துத்தான் இவ்வளவும். 64 பேருக்கும் 100 எம்.பி. பிளான் விற்றால் மொத்தம் 6,400 மெகாபிட். இருப்பதோ 2,500. கேட்டவுடன் கோபம் வரும். ஆனால் எச்.டி. படத்துக்கு 5 மெகாபிட் போதும், 4கே படத்துக்கு 15. அறுபத்து நான்கு வீட்டிலும் ஒரே நேரத்தில் 4கே ஓடினாலும் 960 மெகாபிட்தான். பாதிகூட நிரம்பவில்லை! பங்கு போட்டு விற்பது தவறில்லை, அப்படி விற்பதால்தான் மாதம் சில நூறு ரூபாய்க்கு நமக்குக் கிடைக்கிறது.

ஜிபான் போதவில்லை என்றாலும் ரோட்டைத் தோண்ட வேண்டியதில்லை. எக்ஸ்.ஜி.எஸ்.-பான் என்ற அடுத்த முறை இரண்டு பக்கமும் 10 ஜிகாபிட் தரும். அது வேறு அலைநீளத்தில் ஓடுவதால் அதே கண்ணாடி இழையில் பழையதும் புதியதும் சேர்ந்தே போகும். இரண்டு முனைகளிலும் கருவியை மாற்றினால் போதும்.

அப்போ ராத்திரி எங்கே நெரிகிறது?

ஓ.எல்.டி.க்கு மேலே. எட்டு போர்ட் (ஃபைபர் செருகும் இடம்) கொண்ட ஒரு சின்ன ஓ.எல்.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட்டுக்கு 64 என்றால் 512 வீடுகள் வரை. அந்த ஆபரேட்டர் மேலே உள்ள பெரிய கம்பெனியிடமிருந்து வாங்கியிருக்கும் பேண்ட்வித், அதாவது மொத்தக் கொள்ளளவு, 1 ஜிகாபிட் என்று வையுங்கள். ராத்திரி 200 வீட்டில் எச்.டி. படம் ஓடினாலே அது நிரம்பிவிட்டது. 201ஆவது வீட்டில் படம் சுற்ற ஆரம்பிக்கும். மத்தியானம் யாரும் பார்க்காத நேரத்தில் டெஸ்ட் போட்டால் முழு வேகம் காட்டும். அடுத்த மாதம் ஐம்பது புது இணைப்பு கொடுக்கிறார், பேண்ட்வித் அதே 1 ஜிகாபிட். "லோடு அதிகம்" என்ற பதிலின் பின்னால் இருப்பது பல நேரம் இதுதான். பெரிய கம்பெனிகளிலும் இதே கதை, அளவுதான் பெரிசு.

இதற்கு வழியும் இருக்கிறது. நெட்ஃப்ளிக்ஸும் கூகுளும் தங்கள் சர்வர் பெட்டிகளை இணையக் கம்பெனிகளின் இடத்துக்குள்ளேயே வைக்கின்றன. மக்கள் அதிகம் பார்க்கும் படங்களை, கூட்டம் இல்லாத நேரத்தில் நெட்ஃப்ளிக்ஸ் அதில் நிரப்பிவிடும். ராத்திரி நீங்கள் பார்க்கும் படம் பெரும்பாலும் கடல் தாண்டி வருவதில்லை. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது இங்கே தாமதம் தெரிந்ததே தவிர எல்லாம் நின்றுவிடவில்லை.

கிரிக்கெட் நேரலைதான் கஷ்டம். நடக்காத மேட்சை முன்கூட்டியே நிரப்பி வைக்க முடியாது. 2023 நவம்பர் 19, உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தார்கள். ஆளுக்கு 1 மெகாபிட் என்று குறைத்துப் போட்டாலும் 59 டெராபிட் ஆகிறது. அதுவும் ஓடி முடிந்தது.

5ஜி ஏர்ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது டவரிலிருந்து காற்றில் வருகிறது, பக்கத்து வீட்டு மொபைல்களோடு அலைக்கற்றையைப் பங்கு போடுகிறது. அலைக்கற்றையை ஃபைபர் மாதிரி நினைத்தபடி பெருக்க முடியாது. "லோடு அதிகம்" என்ற பதில் அங்கே ஓரளவு நியாயம்.

உங்கள் வீட்டு வைஃபையையும் பார்த்துவிடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. முப்பது வீடு உள்ள அபார்ட்மெண்டில் முப்பது ரௌட்டரும் அந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்கின்றன. அதற்கு ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், டிவிக்கு கேபிள் போடுங்கள்.

இதையெல்லாம் கழித்த பிறகும் ராத்திரி சுற்றினால், அது கம்பெனியின் பொறுப்பு. 2006-லேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதி போட்டது. உச்ச நேரத்தில் நெட்வொர்க் இணைப்புகள் 80 சதவீதத்துக்குக் கீழேதான் நிரம்ப வேண்டும், 90ஐத் தாண்டினால் அது நெரிசல் என்றது. நல்ல விதி. ஆனால் உங்கள் தெருவுக்கு மேலே இருக்கும் இணைப்பு இன்று ராத்திரி எத்தனை சதவீதம் நிரம்பியது என்று உங்களுக்கு யாரும் சொல்வதில்லை. எனக்கு இதில்தான் ஆதங்கம். ஆன்லைனில் படிக்கும் பிள்ளையும் வீட்டிலிருந்து வேலை செய்பவரும் இதை நம்பித்தான் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள்.

பிரிட்டனில் டிராய் போன்ற ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2019 மார்ச்சில் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் சேர்ந்த கம்பெனிகள், இணைப்பு விற்கும்போதே இரவு 8 முதல் 10 மணி வரை எவ்வளவு வேகம் வரும், குறைந்தபட்சம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அதற்குக் கீழே போய் 30 நாளில் சரிசெய்யாவிட்டால், வாடிக்கையாளர் அபராதமில்லாமல் விலகிக்கொள்ளலாம். இங்கே விளம்பரத்தில் நாம் பார்ப்பது "வரை" என்று முடியும் வேகத்தை. ராத்திரி வேகத்தையும் எழுதச் சொல்லி டிராய் கட்டாயப்படுத்த வேண்டும்.

அதுவரை உங்கள் கையில் இருப்பது இது. லேப்டாப்பை லேன் கேபிளால் நேராக மோடத்தில் செருகுங்கள். ஒரு வாரம், காலையில் ஒரு முறை, ராத்திரி 9 மணிக்கு ஒரு முறை டெஸ்ட் போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். காலையில் 95, ராத்திரி 12 என்று தினமும் வந்தால் அதோடு புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று முடித்துவிட்டால், அந்த எண்ணோடு கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள்.