வாயைச் சுற்றி வரும் சிவப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

தோல் மருத்துவரிடம் வரும் பெண்களில் சிலர் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டே உட்காருவார்கள். துணியை விலக்கினால் மூக்கோரத்திலிருந்து தாடை வரை கடுகு கடுகாகச் சிவந்த பொரிகள். உதட்டை ஒட்டி மட்டும் மெல்லிய கோடுபோலத் தோல் தெளிவாக இருக்கும். இதைப் 'பெரியோரல் டெர்மடைட்டிஸ்', அதாவது வாயைச் சுற்றி வரும் தோல் அழற்சி என்போம். அந்தக் கோட்டைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். "முகத்தில் என்ன மக்களே போடுகிறாய்?" என்பேன். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்பார்கள். அப்புறம் மெதுவாகக் கைப்பையிலிருந்து ஒரு ட்யூப் வெளியே வரும்.

பெரும்பாலும் அது பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு களிம்பு. பருவுக்கென்றோ, நிறம் வெளுக்க என்றோ யாரோ சொல்லி வாங்கியது. போட்டால் இரண்டே நாளில் சிவப்பு அடங்கும். விட்டால் முன்னைவிட அதிகமாகக் கிளம்பும். உடனே மறுபடி போடுவார்கள். நோயும் அதுவே, மருந்தும் அதுவே என்று ஆகிவிடுகிறது. 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கடையில் பெயரைச் சொன்னால் கிடைத்துவிடுகிறது.

சரி, என்ன செய்வது? அந்தக் களிம்பை நிறுத்த வேண்டும். வீரியம் கூடிய களிம்பை மாதக்கணக்கில் போட்டவர்களுக்குப் படிப்படியாகக் குறைப்போம். நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் முகம் கொதிக்கும், எரியும். பலர் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். கூடவே பவுண்டேஷன், கெட்டியான கிரீம், எண்ணெய் எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். தேங்காய் எண்ணெயும்தான். நம் மாவட்டத்தில் இதைச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்! வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். பற்பசை நுரை வாயோரம் காயவிடாதீர்கள்.

லேசான நிலையில் இதுவே போதுமானதாக இருக்கும். இல்லாவிட்டால் மெட்ரோனிடசோல் போன்ற பூச்சு, அதற்கும் அடங்காவிட்டால் சில வாரங்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதுவோம். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அந்த மாத்திரை வேண்டாம்; வேறு மருந்து உண்டு. ஆஸ்துமாவுக்கு முகமூடி வைத்து ஸ்டீராய்டு மருந்து இழுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பொரி வரலாம். மருந்து எடுத்ததும் முகத்தைக் கழுவிவிடுங்கள். இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வாயைச் சுற்றி வருவதெல்லாம் இந்த நோய் அல்ல. மாங்காய்ப் பால் பட்டாலும் வாயோரம் புண்ணாகும். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்ப்பவர்கள் முந்திரித் தோட்டு எண்ணெய் பட்ட கையால் முகத்தைத் துடைத்தாலும் அப்படித்தான். மாவும் கொல்லாவும் (முந்திரியும்) ஒரே குடும்பத்து மரங்கள். இப்படி வரும் புண்ணில் கொப்புளமும் அரிப்பும் கூடுதலாக இருக்கும், சிகிச்சையும் வேறு.

அதனால் மருத்துவரிடம் வரும்போது அந்தப் பழைய ட்யூபையும் கையோடு கொண்டு வாருங்கள். நசுங்கிக் காலியாகியிருந்தாலும் பரவாயில்லை. நாங்கள் திட்ட மாட்டோம். அதில் அச்சடித்திருக்கும் மருந்தின் பெயர்தான் எங்களுக்கு வேண்டும்.