ஜீரோ டிக்கெட்டில் யாருக்கு அநியாயம்?

நடுவர் அவர்களே, எதிரே இருக்கிற அண்ணன்மாரே, மக்களே, வணக்கம்.

பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ஸில் இலவசப் பயணம் கொடுப்பது ஆம்பிளைகளுக்கு அநியாயம் என்று எதிரணித் தலைவர் கண் கலங்காத குறையாகப் பேசிவிட்டுப் போனார். ஒரே கூலி, ஒரே பஸ், தங்கச்சிக்குக் காசில்லை, அண்ணனுக்கு மட்டும் டிக்கெட், இது ஆம்பிளைகளுக்குச் செய்கிற பாகுபாடு இல்லையா என்று கேட்டு, பாகுபாடு கூடாது என்கிற அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவையும் இழுத்தார். சரி, இழுத்ததுதான் இழுத்தார், மூன்றாவது உட்பிரிவையும் படித்திருக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அரசு தனி ஏற்பாடு செய்வதை இந்தப் பிரிவு தடுக்காது என்று அங்கேதான் இருக்கிறது.

2021 மே 8 முதல் நடக்கிற இந்தத் திட்டம் நம்ம பக்கம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான். நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி போனால் நானும் முழுக்காசு கொடுக்கிறேன். 'ஓசி' என்று வேறு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. காசு வாங்காமல் கண்டக்டர் தருகிற ஜீரோ டிக்கெட்டுக்கான பணத்தை அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டுகிறது, சோப்பு வாங்கும்போது நாங்களும் அரசுக்கு வரி கட்டுகிறோம்.

வசதியானவளும் ஏறுகிறாளே என்றார் இன்னொருவர். கார் வைத்திருப்பவள் வெயிலில் டவுன் பஸ்ஸுக்குக் காத்து நின்று நான் பார்த்ததில்லை. மார்த்தாண்டம் பக்கம் காலையில் ஏறிப் பாருங்கள், அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலைக்குப் போகிற அக்காமார்தான் கூட்டம், முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அந்த அக்காவுக்கு அது கேஸ் சிலிண்டர் பணம்.

பாகுபாடு எங்கே என்று தேடுகிறவர்கள் குளச்சலுக்கு வாருங்கள். 2021 டிசம்பரில், மீன் விற்றுவிட்டு வீட்டுக்குப் போக ஏறின வயதான அம்மாவை, நாற்றம் என்று சொல்லி பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று அவர் நியாயம் கேட்ட வீடியோவை ஊரே பார்த்தது, முதலமைச்சர் கண்டித்தார், மூன்று பேர் சஸ்பெண்ட் ஆனார்கள். அந்த மீன் குழம்பாகி இலைக்கு வந்தபோது மட்டும் ஒருத்தருக்கும் நாறவில்லை!

அப்புறம், ஆசியாவின் முதல் பெண் பஸ் ஓட்டுநர் என்று பத்திரிகைகள் எழுதின வசந்தகுமாரி நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், வேலைக்குச் சேர்ந்தது 1993இல். 30 வருஷம் தாண்டியும் டிரைவர் சீட்டில் ஒரு பெண்ணைக் கண்டால் நாம் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கிறோம். அந்த சீட்டில் ஆம்பிளைகளுக்கு எத்தனை சதவீதம் என்று எதிரணி கணக்கெடுக்கவே இல்லை, கவனித்தீர்களா?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், ஒரே கேள்வி. ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால், சில டிரைவர்கள் பஸ்ஸைத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள், தலையில் மீன் சருவத்தோடு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிடுகிறார்கள். அதில் அநியாயம் யாருக்கு நடக்கிறது என்று அடுத்துப் பேச வருகிற அண்ணன் பதில் சொல்லட்டும்.