ஏழு அதிசயங்களும் ஒரு பாட்டும்

வணக்கம். மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். காற்று கொஞ்சம் பலமாக இருக்கிறது, ஒலி இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல பாட்டைக் கெடுத்துவிடும் காட்சிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று வெகுநாளாக மனத்தில் இருக்கிறது. பத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றையும் குறை சொல்லிக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. எனக்கு நெருக்கமான ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன்.

1998. 'ஜீன்ஸ்' படம். ஷங்கர் இயக்கம், ஏ.ஆர்.ரஹ்மான் இசை, வைரமுத்து வரிகள். உன்னிகிருஷ்ணனும் சுஜாதாவும் பாடிய 'பூவுக்குள் ஒளிந்திருக்கும்' பாட்டு. படம் திரைக்கு வருவதற்கு முன்பே கேசட் கடைக்கு வந்துவிட்டது. அண்ணன் வாங்கி வந்தான். நாங்கள் அப்போது தூத்துக்குடிப் பக்கம் இருந்தோம், அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. சாயங்காலம் அவர் வந்து கால் கழுவுகிற நேரத்தில் டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பூவுக்குள் கனி மறைந்திருப்பது அதிசயம் என்று தொடங்குகிறது. வண்ணத்துப்பூச்சியின் உடம்பில் ஓவியம் இருப்பது அதிசயம். துளைக்குள் புகுந்த காற்று இசையாக வெளியே வருவது அதிசயம். குருவே இல்லாமல் குயில் பாடுவது அதிசயம். வாசனையில்லாத கிளையில் வாசனையுள்ள பூ. மின்சாரம் இல்லாமல் எரிகிற மின்மினி. எல்லாமே உள்ளங்கையில் அடங்குகிற சின்னச் சின்னப் பொருள்கள். குனிந்து பார்த்தால்தான் கண்ணில் படும், நின்று கேட்டால்தான் காதில் விழும். ரஹ்மானின் மெட்டும் அப்படித்தான் போகிறது, ஒவ்வொன்றையும் எடுத்து மெதுவாக நம் கையில் வைக்கிறது.

இன்னொரு வரியும் உண்டு. உப்புக் கடல் தந்த மேகம்தான், ஆனால் அதில் துளிகூட உப்பில்லை, மழைநீரும் அதிசயம் என்று.

முதல்முறை அந்த வரி வந்தபோது அப்பா கால் கழுவுவதை நிறுத்திவிட்டார். திரும்பப் போடச் சொன்னார். அண்ணன் நாடாவைப் பின்னால் ஓட்டிப் போட்டான். கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "நாங்கள் தண்ணீரை விட்டுவிட்டு உப்பை எடுக்கிறோம். மேகம் உப்பை விட்டுவிட்டுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகிறது." அவ்வளவுதான் சொன்னார். உப்பளத்து ஆட்களுக்கு மழை என்றால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்து போகும், வேலையும் நின்று போகும். அந்த மழையை அதிசயம் என்று ஒருவர் பாடுவதை அவர் அன்றைக்குத்தான் கேட்டார். அதன் பிறகு அது எங்கள் வீட்டில் 'உப்புப் பாட்டு' ஆகிவிட்டது.

படம் வந்தது. குடும்பத்தோடு போனோம். பாட்டு தொடங்கியது. பிரசாந்தும் ஐஸ்வர்யா ராயும் தாஜ்மகாலுக்கு முன்னால், சீனப் பெருஞ்சுவரின் மேல், எகிப்தின் பிரமிடுகள் அருகில், பைசா கோபுரம், ஈபிள் கோபுரம் என்று ஆடிக்கொண்டே போனார்கள். திரையரங்கில் கைதட்டல். நானும் வாயைப் பிளந்துதான் பார்த்தேன், அதை மறைக்க மாட்டேன். அதுவரை பாடப் புத்தகத்தில் கறுப்பு வெள்ளையில் பார்த்திருந்த இடங்கள் அல்லவா.

வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது அப்பா கேட்டார்: "அந்த உப்புப் பாட்டைப் படத்தில் வைக்கவில்லையா?"

வைத்திருந்தார்கள். அதே பாட்டுத்தான். அவர் காதில் விழவில்லை.

காட்சி அசிங்கமாக இருந்தால்தான் பாட்டு கெடும் என்று பலர் நினைக்கிறார்கள். பொருந்தாத உடை, பின்னால் நாற்பது பேர், வெறும் உடற்பயிற்சி போன்ற ஆட்டம், இவற்றையெல்லாம் நாம் எளிதில் கண்டுபிடித்துக் குறை சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்தப் பாட்டின் காட்சி அழகானது, அதற்கான உழைப்பும் பெரியது. ஒரே பாட்டுக்காக உலகத்தையே சுற்றி வந்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் அது பாட்டைக் கேட்க விடவில்லை. கண்ணுக்கு அத்தனை தீனி கிடைத்தால் காது சும்மா இருந்துவிடுகிறது.

எங்கே தவறியது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பாட்டில் காதலன் சொல்கிறான், உலகில் அதிசயங்கள் ஏழல்ல, நீ எட்டாவது என்று. படமாக்கியவர்கள் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். அதையே பயணத் திட்டமாக்கிவிட்டார்கள். மனிதன் கட்டிய பெரிய கல் கட்டடங்கள் ஒரு பக்கம் கிடக்கட்டும், இந்தப் பூவையும் பூச்சியையும் பார் என்பதல்லவா அந்தப் பாட்டின் பேச்சு? வரிகள் எதைத் தள்ளி வைக்கின்றனவோ அதையே காட்சி நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. மின்மினியைப் பாடும்போது சின்ன வெளிச்சம் ஒன்று போதும். அதற்கு இருட்டு வேண்டும்.

நம்மூரில் பாட்டு முதலில் பதிவாகிவிடும். பிறகு படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு, நடன இயக்குநர் எண்ணிக்கை சொல்ல, நடிகர்கள் வாயசைப்பார்கள். ஓர் இடத்தில் இரண்டு வரி, இன்னோர் இடத்தில் இரண்டு வரி என்று துண்டு துண்டாக எடுப்பார்கள். அப்படி எடுக்கும்போது வரியின் பொருளைவிட வாயசைவு தாளத்தோடு சேர்கிறதா என்பதே பெரிய கவலையாகிவிடுகிறது. வெளிநாட்டைக் காட்டிக் கூட்டத்தை இழுப்பது புதிய பழக்கமும் இல்லை. 1973-இல் வந்த 'உலகம் சுற்றும் வாலிபன்' அதைத்தான் செய்தது. ஆனால் அந்தப் படத்தின் கதையே உலகம் சுற்றுவது. அங்கே அது உறுத்தவில்லை.

2000-இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் 'என்ன சொல்லப் போகிறாய்' வந்தபோது மறுபடி பிரமிடுகள். சங்கர் மகாதேவனுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு. ஒரு பெண்ணின் பதிலுக்காக ஒருவன் தவித்துக்கொண்டிருக்கிறான். அந்தத் தவிப்புக்கு எதிரில் அவள் முகம் இருந்தால் போதாதா? அத்தனை பெரிய பாலைவனம் எதற்கு என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

இதற்கு நேர் எதிராக 'மூன்றாம் பிறை'. 1982. பாலு மகேந்திரா. 'கண்ணே கலைமானே' பாட்டில் கமல்ஹாசன் ஸ்ரீதேவியைத் தூங்க வைக்கிறார். அவ்வளவுதான் காட்சி. யேசுதாஸ் மூச்சு எடுப்பதுகூட நமக்குக் கேட்கிறது. கண்ணதாசனின் கடைசித் திரைப்பாடல் என்று அறியப்படுவது அது. அந்தச் சொற்களை ஒளிப்பதிவு தள்ளிவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறது.

காட்சியிடமிருந்து முழுக்கத் தப்பித்த பாட்டும் உண்டு. 'புத்தம் புது காலை'. எஸ்.ஜானகி பாடியது. 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' இசைத்தட்டில் இருந்தது, படத்தில் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, 2014-இல், 'மேகா' படத்துக்காகப் புதிதாகப் பாட வைத்தார்கள். ஆனால் அதற்குள் முப்பது ஆண்டுக்கு மேல் ஆளுக்கொரு காலையை வைத்துக்கொண்டு அதைக் கேட்டுவிட்டோம். என் காலையில் அம்மா வாசல் தெளிக்கிறார். உங்களுடைய காலை வேறாக இருக்கும். அதை எனக்கு எழுதுங்கள், ஒன்றுவிடாமல் படிப்பேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா வேலையை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. மழை வருகிற மாதிரி இருந்தது. திண்ணையில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு 'உப்புப் பாட்டை' ஓடவிட்டேன். படம் பார்த்துவிட்டு வந்த பிறகு எங்கள் வீட்டில் அதை யாரும் அதிகம் போட்டதில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மேகத்தில் உப்பில்லை என்ற வரி வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு விரலை உயர்த்திவிட்டார்.