கை சொல் கேட்காத அரை நொடி

(மாணவர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

என்னைப் பேச அழைத்தவர், "ஹெல்மெட் போடுங்கள், வேகம் வேண்டாம் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் சார்" என்றார். அந்த நாலு வார்த்தையை உங்கள் வீட்டில் தினமும் சொல்கிறார்கள். அதற்கு நான் எதற்கு? நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். ஒரு காலத்தில் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன். அதனால் இன்று விழுவதைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். எப்படி விழுகிறோம், ஏன் சரியாக அந்த இடத்தில் விழுகிறோம் என்று.

வீலிங் போய்க் கவிழும் வீடியோக்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முன்சக்கரம் எழுகிறது, இன்னும் எழுகிறது, ஓட்டுகிறவர் ரோட்டில் உட்கார்கிறார், வண்டி தனியாகக் கொஞ்ச தூரம் ஊர்வலம் போகிறது. சிரிப்பு வரும். எனக்கும் வந்திருக்கிறது. அடுத்த முறை பார்க்கும்போது சத்தத்தை நிறுத்திவிட்டு அவருடைய வலது கையை மட்டும் பாருங்கள். விழுகிற கணத்தில் அந்தக் கை ஆக்சிலரேட்டரை விடவில்லை என்பது தெரியும். பல நேரம் இன்னும் அதிகமாக முறுக்கியிருக்கும்.

ஏன்? அவருக்கு அறிவில்லை என்று சொல்லிவிடலாம். அது பதில் இல்லை. அறிவு உள்ளவர்களுக்கும் இதேதான் நடக்கிறது.

முன்சக்கரம் தரையை விட்டு எழும்போது, வண்டியும் நீங்களும் சேர்ந்த மொத்த எடையின் மையம் பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கிறது. அது முகப்பைக் கீழே இழுக்கிறது. இன்ஜினின் தள்ளல் மேலே தூக்குகிறது. முகப்பு உயர உயர அந்த மையம் பின்னால் நகர்ந்துகொண்டே வரும். அதனால் தூக்கிப் பிடிக்கத் தேவையான பலம் குறைந்துகொண்டே போகும். மையம் பின்சக்கரத்துக்கு நேர் மேலே வந்துவிட்டால் கிட்டத்தட்ட எதுவுமே தேவையில்லை. உள்ளங்கையில் குச்சியை நிறுத்தி வைக்கும் விளையாட்டுதான் அது. அந்தப் புள்ளியைத் தாண்டிவிட்டால் எடையே உங்களைப் பின்னால் தள்ளிவிடும்.

ஆக, மேலே போகப் போக முறுக்கைக் குறைக்க வேண்டும். இது கணக்கு. உடம்புக்கு இந்தக் கணக்கு தெரியாது. முகப்பு எழுந்ததும் நீங்கள் சீட்டில் பின்னால் வழுக்குகிறீர்கள். கைகள் நீள்கின்றன. விழப்போகிறோம் என்று உடம்பு பயந்து, கிடைத்ததை இறுகப் பற்றுகிறது. கிடைத்தது ஹேண்டில்பார். வலது கையால் அதைப் பிடித்துத் தொங்கினால் மணிக்கட்டு கீழே இறங்கும். மணிக்கட்டு இறங்கினால் ஆக்சிலரேட்டர் திறக்கும். வண்டி இன்னும் எழும். நீங்கள் இன்னும் தொங்குவீர்கள். இந்தச் சங்கிலி தொடங்கி முடிய ஒரு நொடிகூட ஆகாது.

இதிலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. பின் பிரேக். பின்சக்கரத்தின் வேகத்தைக் குறைத்தால் முகப்பு கீழே இறங்கும். அந்த நேரத்தில் முன் பிரேக்கை எவ்வளவு பிடித்தாலும் காற்றில் சுற்றும் சக்கரம்தான் நிற்கும். பைக்கில் பின் பிரேக் கால் பக்கம் இருக்கிறது. பயத்தில் கால் தரையைத் தேடி கீழே நீளும், பிரேக்கைத் தேடாது. அங்கேதான் எல்லாம் முடிகிறது.

இப்போது இதற்கு நேர் எதிரான ஒன்று. பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு வளைந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வண்டி கொஞ்சம் அதிகமாகச் சறுக்குகிறது. பயம். இந்த முறை கை சட்டென்று ஆக்சிலரேட்டரை மூடுகிறது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சுற்றிக்கொண்டிருந்த டயருக்குத் திடீரென்று பிடி கிடைக்கிறது. பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்த வண்டி ஒரே உதறலில் நிமிர்ந்து, மேலே இருப்பவரை கவண்கல் மாதிரி தூக்கி எறிகிறது. பந்தயக்காரர்கள் இதை ஹைசைடு என்பார்கள். வண்டியோடு சேர்ந்து சாய்ந்து சறுக்கிப் போவது லோசைடு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எந்தப் பந்தயக்காரரும் லோசைடைத்தான் கேட்பார்.

பாருங்கள், ஒரு இடத்தில் கை திறக்கக் கூடாதபோது திறக்கிறது, இன்னொரு இடத்தில் மூடக் கூடாதபோது மூடுகிறது. இரண்டும் தைரியக் குறைவினால் வருவதில்லை. பழகாத உடம்பு தானாகச் செய்கிற வேலை.

அப்புறம் ஸ்கூட்டர். ஸ்கூட்டர் என்றால் சாது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. என் வகுப்பில் நான் அதிகம் பயப்படுவது ஸ்கூட்டருக்குத்தான். கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் லீவரே கிடையாது. இன்ஜின் வேகம் ஒரு அளவைத் தாண்டினால் உள்ளே இருக்கும் கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும். முறுக்குகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் முறுக்குகிறீர்கள், சட்டென்று பாய்கிறது. பைக்கில் என்றால் கிளட்சைப் பிடித்து இழுவையை அறுத்துவிடலாம். இதில் இழுவையை அறுக்க ஆக்சிலரேட்டரை மூடுவதைத் தவிர வழியில்லை. அந்தக் கையோ தொங்கிக்கொண்டிருக்கிறது. முழங்காலால் இறுக்கிக்கொள்ள பெட்ரோல் டேங்க்கும் இல்லை. சின்னச் சக்கரம் வேறு. பைக் டயர் ஏறி இறங்கிவிடும் பள்ளத்தில் ஸ்கூட்டர் சக்கரம் மாட்டிக்கொண்டு நிற்கும்.

பின்னால் ஒருவர் ஏறிக்கொண்டால் எடையின் மையம் இன்னும் பின்னுக்குப் போகும். ஸ்கூட்டரில் இன்ஜினும் ஏற்கெனவே பின்சக்கரத்தோடு ஒட்டி இருக்கிறது. மேட்டில் நிறுத்தி, இரண்டு பேரோடு, ஒரே முறுக்கில் கிளம்பினால் வித்தை காட்டும் எண்ணமே இல்லாதவர்கூட வித்தை காட்டிவிடுவார். முதலில் விழுவது பின்னால் இருப்பவர். அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முறுக்கி உறுமவிடுவதும் உண்டு. பின்சக்கரம் காற்றில் சுற்றுகிறது. யாராவது லேசாக முன்னால் தள்ளினால் போதும். ஸ்டாண்ட் மடங்கி, சுற்றுகிற சக்கரம் தரையைத் தொட்டு, ஓட்டுநர் இல்லாமலே வண்டி சுவரைப் பார்க்கப் போய்விடும்.

ஸ்டாப்பி பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். முன் பிரேக்கைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்குவது. கொஞ்சம் மணல், ஈரம், அல்லது ரோட்டில் அடித்த வெள்ளைக் கோடு, இதில் ஒன்று இருந்தால் முன்டயர் வழுக்கிவிடும். முன்டயர் வழுக்கினால் மீட்பது மிகக் கடினம்.

சரி, தொழிலாகச் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள்? அவர்கள் வண்டியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். இன்ஜினைச் சுற்றி இரும்புக் கூண்டு. பின்னால் ஒரு வளைந்த கம்பி, வண்டி செங்குத்தாக நின்றாலும் முழுக்கக் கவிழாமல் தரையைத் தொட்டுத் தாங்குவதற்கு. பின்பக்கம் பெரிய பல்சக்கரம், மெதுவாகப் போகும்போதே இழுவை கிடைப்பதற்கு. கால் எட்டாத நேரத்துக்காகப் பின் பிரேக்கை இடது கையிலும் வைத்திருப்பார்கள். வட்டமடித்து வீலிங் போகிறவர்கள் பல நேரம் ஆள் ஓடுகிற வேகத்தில்தான் போகிறார்கள். வேகம் எதற்கு, சமநிலைப் புள்ளி தெரிந்துவிட்டதே! அது தெரியாதவர்தான் இன்ஜின் பலத்தை நம்பி வேகத்தில் தூக்குகிறார். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஒரு சுவரில் மோதுவது, சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். 80 என்றால் 12 மீட்டர் என்று நினைப்பீர்கள். இல்லை, 25 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு.

உலகமே அறிந்த அமெரிக்க மோட்டார் சைக்கிள் வித்தைக்காரர் ஈவல் நீவல். 1967 டிசம்பர் 31 அன்று லாஸ் வேகாஸில் சீசர்ஸ் பேலஸ் ஹோட்டலின் நீரூற்றுகளைத் தாண்டிக் குதித்தார். சாய்தளத்தில் ஏறும்போது வண்டி எதிர்பாராமல் வேகம் குறைந்ததாக அவரே பிறகு சொன்னார். இறங்கும் மேடையின் விளிம்பில் வண்டி மோதி, ஹேண்டில்பார் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. இடுப்பெலும்பும் தொடையெலும்பும் நொறுங்கின. அந்த விழும் காட்சியின் படச்சுருள்தான் அவரை ஊரறியச் செய்தது. சரியாக இறங்கியிருந்தால் இத்தனை பேருக்கு அவரைத் தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். விழுந்ததைப் பார்க்கத்தான் கூட்டம் சேரும் என்பது கேமரா வந்த காலத்திலிருந்தே இருக்கிற நோய்.

1975இல் லண்டன் வெம்ப்ளியில் 13 பேருந்துகளைத் தாண்டும்போது மறுபடி விழுந்தார். 1977இல் சிகாகோவில் சுறாக்கள் விட்ட தொட்டியைத் தாண்டும் ஒத்திகை. அதில் அவர் விழுந்ததோடு அங்கே நின்றிருந்த கேமராக்காரருக்கும் அடிபட்டது. இதை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வித்தை கெடும்போது வண்டி எங்கே போகும் என்று வண்டிக்கே தெரியாது. படம் பிடிக்கும் நண்பன் எங்கே நிற்பான்? வண்டி வரும் திசையில்தான்.

அதே நீரூற்றுகளை 1989இல் நீவலின் மகன் ராபி தாண்டினார். 2018இல் டிராவிஸ் பஸ்ட்ரானாவும் தாண்டினார். இந்த பஸ்ட்ரானாதான் 2006இல் போட்டியில் வண்டியோடு காற்றில் இரண்டு முறை பின்குட்டிக்கரணம் போட்டவர். அந்தத் தலைமுறை எப்படிப் பழகியது தெரியுமா? ஸ்பாஞ்சுத் துண்டுகள் நிரப்பிய பெரிய குழிக்குள் குதித்து. அதில் நல்லபடியாக இறங்குவது என்பதே கிடையாது. ஒவ்வொரு முறையும் விழுவார்கள், ஏறி வருவார்கள், மறுபடி விழுவார்கள். நமக்குக் காட்டப்படுவது கடைசி நாளின் ஒரு நிமிடம். வீடியோ பார்த்துக் கற்கிறவர் தூக்குவதைக் கற்றுக்கொள்கிறார். கெட்டுப்போனால் எப்படி வெளியே வருவது என்பது அந்த வீடியோவில் இல்லை. வித்தையின் பெரிய பாதி அந்தக் குழிக்குள் கிடக்கிறது.

ஹெல்மெட் பற்றி ஒன்றே ஒன்று. அது தலையைக் காக்கும், கட்டாயம் போடுங்கள். ஆனால் தோளில் விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட்டால், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் வேரோடு பிய்ந்துவிடலாம். எலும்பு முறிவு கூட இல்லாமல் ஒரு கை வாழ்நாள் முழுவதும் தொங்கிப்போகும். அந்த நிலையில் வருகிறவர்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளே அதிகம். இதற்கு ஹெல்மெட் ஒன்றும் செய்ய முடியாது.

என் கதையைச் சொல்லி முடிக்கிறேன். இருபத்திரண்டு வயதில் அண்ணனின் பைக்கை அவருக்குத் தெரியாமல் எடுத்துப் போனேன். நண்பன் செல்போனில் படம் பிடித்தான். இரண்டு தடவை நன்றாக வந்தது. மூன்றாவது தடவை பின்னால் கவிழ்ந்தேன். இடது மணிக்கட்டு முறிந்தது. முதுகுத் தோல் ரோட்டோடு போனது. "பிரேக்கை மிதித்தேன், பிடிக்கவில்லை" என்று எல்லோரிடமும் சொன்னேன். அண்ணன் பிரேக்கைப் பிரித்துப் பார்த்து மெக்கானிக்கோடு சண்டையே போட்டார். நானும் சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். மிதித்த ஞாபகம் காலிலேயே இருந்தது.

ஆறு வருடம் கழித்து அந்த நண்பன் பழைய போனிலிருந்து வீடியோவை எடுத்துக் காட்டினான். நான் சொன்னபடி சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். வலது கால் பிரேக் பக்கமே போகவில்லை. நேராக நீண்டு தரையைத் தேடிக்கொண்டிருந்தது. வலது கை முழுசாக முறுக்கியிருந்தது. அந்த மெக்கானிக்கைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு என்னை ஞாபகமே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு புல்தரையில் ஒரு மாதம் பின்னால் விழ மட்டும் பழகினேன். முகப்பைத் தூக்கு, பின் பிரேக்கைப் பிடி, இறக்கு. தூக்கு, தாண்டவிடு, காலால் பின்னால் குதித்து நில். வேறு எதுவும் இல்லை. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

முன்வரிசையில் ஒரு தம்பி ஏற்கெனவே கை தூக்கிவிட்டார். கேளுங்கள். இப்போதும் வீலிங் போவேனா என்றா? போவேன் தம்பி. அதே சைக்கிளில், பிரேக்கில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு. அடுத்த கேள்வி?