கிருஷ்ணகிரிக்கு வந்துபோன ரயில்

எல்லோருக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரிக்கு ரயில் கேட்பவர்கள் பலர், "ரயிலையே பார்க்காத ஊர் இது" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். 1905 செப்டம்பரிலேயே இங்கே ரயில் வந்துவிட்டது. திருப்பத்தூரிலிருந்து சுமார் 25 மைல், இரண்டரை அடி அகலமுள்ள சின்னப் பாதை. கடைசி ஸ்டேஷன் நம்முடையது. 1941-ல் மூடிவிட்டார்கள்.

இந்தப் பாதையை ஏன் போட்டார்கள்? அதைச் சொல்லத்தான் வந்தேன். தாது வருஷப் பஞ்சம் கேள்விப்பட்டிருப்பீர்கள், 1876 முதல் 1878 வரை. அப்போது நாம் சேலம் ஜில்லா. 1871 கணக்கெடுப்பில் ஜில்லாவின் ஜனத்தொகை 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல் எண்ணியபோது 16 லட்சம்தான் இருந்தார்கள். இத்தனைக்கும் மெட்ராஸ் ரயில் 1860-களிலேயே திருப்பத்தூர் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. தானியம் அந்த ஸ்டேஷன் வரை வந்துவிடும். அப்புறம்? மாட்டுவண்டிதான். மழை பொய்த்த வருஷத்தில் மாட்டுக்குத் தீவனம் ஏது, வழியில் தண்ணீர் ஏது? மூட்டை ஓரிடத்தில், பசித்த வயிறு வேறிடத்தில்.

வருமானம் வராவிட்டாலும் வறண்ட சீமைகளுக்குப் பாதை போடத்தான் வேண்டும் என்ற எண்ணத்தை 1880-ன் பஞ்சக் கமிஷன் வலுப்படுத்தியது. அந்த எண்ணத்தில் பிறந்தவைதான் நம் பாதையும், 1906-ல் வந்த மொரப்பூர்–தருமபுரி பாதையும். தருமபுரிப் பாதை 1913-ல் ஓசூர் வரை நீண்டது. சோறு போய்ச் சேர வேண்டும் என்று போட்ட பாதைகள் இவை. டிக்கெட் வசூலை வைத்து இவற்றை எடைபோடுவது நியாயமே இல்லை.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. நாடு முழுக்கப் பல கிளைப் பாதைகளைப் பெயர்த்துத் தண்டவாளத்தைப் போருக்குக் கொண்டுபோனார்கள். ஓசூர் பாதையும் அதே 1941-ல் போயிற்று. மதுரை–போடி பாதையையும் 1942-ல் நிறுத்தினார்கள். ஆனால் 1950-களில் போடிக்கு ரயில் திரும்பி வந்தது. அதேபோல நிறுத்தப்பட்டிருந்த கேரளத்து நிலம்பூருக்கும் வந்தது. நமக்கு வரவில்லை. அவை பெரிய பாதைகளோடு நேராகச் சேரும் அகலத்தில் இருந்தவை. நம் பாதையில் திருப்பத்தூரில் சரக்கை இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். அதுதான் நம்மைக் கைவிட்டதற்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

ஓசூருக்குச் சேலம்–பெங்களூர் பாதையில் ரயில் கிடைத்துவிட்டது. மொரப்பூர்–தருமபுரிக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரி மட்டும் இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. "லாபம் வருமா?" என்று கேட்கிறார்கள். 1905-ல் வெள்ளைக்காரனே அந்தக் கேள்வியை ஒதுக்கி வைத்துத்தான் பாதை போட்டான்!

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் நான்கெல்லை விவரத்தைப் படித்துப் பாருங்கள். "ரயில் ரோட்டுக்குக் கிழக்கு" என்பதுபோல ஒரு வரி கண்ணில் பட்டால், நகல் எடுத்துக் கொண்டுவந்து கொடுங்கள். அடுத்த மனுவோடு அதையும் இணைக்கலாம்.