தீவுப் பறவைக்கு வெளிநாட்டுக் கூண்டு எதற்கு?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். போன வீடியோவில் குவாம் மீன்கொத்தியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரே ஒரு தீவில் வாழும் பறவையைக் கடல் கடந்து கொண்டுபோய் வேறு நாட்டு உயிரியல் பூங்காவில் அடைப்பதற்குப் பெயர் பாதுகாப்பா? அதன் தீவிலேயே வைத்துக் காப்பாற்றினால் என்ன?" கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார். அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடுதான்.

மீதிக்கு அந்த மீன்கொத்தியையே எடுத்துக்கொள்வோம். குவாம் மேற்குப் பசிபிக் கடலில் இருக்கும் ஒரு தீவு, அங்குள்ள சாமோரோ மக்கள் அதை சிஹெக் என்பார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ராணுவச் சரக்கோடு சரக்காகப் பழுப்பு மரப்பாம்பு அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தது. மரமேறும், ராத்திரியில் இரை தேடும். மரத்தின் மேல் கூடு வரைக்கும் வரும் பாம்பை அதுவரை அங்கே எந்தப் பறவையும் பார்த்ததே இல்லை, அதனால் பயப்படவும் தெரியவில்லை. பறவைகள் காணாமல் போகத் தொடங்கியபோது பூச்சிமருந்தாக இருக்குமோ, நோயாக இருக்குமோ என்றுதான் முதலில் தேடினார்கள். பாம்புதான் என்று தெளிவாவதற்குள் 12 வகைக் காட்டுப் பறவைகளில் 10 வகை போன வழியில் போய்க்கொண்டிருந்தன. 1984-லிருந்து 1986-க்குள் 29 சிஹெக்குகளைப் பிடித்து அமெரிக்க உயிரியல் பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். 1988-க்குப் பிறகு குவாம் காட்டில் ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு உலகத்தில் இருக்கும் எல்லா சிஹெக்கும் அந்த 29-ன் வம்சம்.

பாம்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அப்படியென்றால் குவாமிலேயே வைத்துக் காப்பாற்றுவது என்பதும் பாம்பு புகாத கூண்டில் வைப்பதுதான். கூண்டு என்று ஆகிவிட்ட பிறகு, எல்லாப் பறவைகளும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது ஆபத்து. 2023 ஆகஸ்டில் ஹவாயின் மாவி தீவில் பெரிய காட்டுத்தீ பிடித்ததே, அது அங்குள்ள அரிய பறவைகள் வளர்ப்பு மையத்தின் எல்லை வரைக்கும் வந்துவிட்டது. அங்கே இருந்த ஊழியர்கள் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு அணைத்திருக்கிறார்கள். காற்று இன்னும் கொஞ்சம் வலுத்திருந்தால் சில இனங்களின் பெரும்பகுதி ஒரே காலையில் முடிந்திருக்கும்.

இன்னொரு விஷயம், கூண்டில் விட்டால் தானாகப் பெருகிவிடும் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். சிஹெக் உளுத்த மரத்தில் பொந்து குடைந்து முட்டையிடும். அதுவும் உட்கார்ந்து கொத்தாது. தூரத்திலிருந்து பறந்து வந்து அலகை ஈட்டி மாதிரி மரத்தில் குத்தும், திரும்பிப் போகும், மறுபடி வந்து குத்தும். இதற்காகவே பராமரிப்பாளர்கள் மெத்தென்று இருக்கும் பனைவகைத் தண்டுகளைக் கூண்டுக்குள் நட்டு வைக்கிறார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து குடைய வேண்டும், இந்த வேலையில்தான் அவற்றுக்குள் ஒட்டுதல் வரும். ஒத்துப்போகாத ஜோடியாக இருந்தால் ஒன்றையொன்று காயப்படுத்திவிடும். காட்டில் பிடிக்காவிட்டால் பறந்து போய்விடலாம், கூண்டில் எங்கே போவது?

ஜோடி என்றதும் நேனே ஞாபகம் வருகிறது. ஹவாய் வாத்துதான் நேனே. ஒரு கட்டத்தில் காட்டில் ஏறக்குறைய 30தான் மிச்சம். 1950-ல் இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைக் காப்பகம் நடத்திய பீட்டர் ஸ்காட்டிடம் ஒரு ஜோடியை அனுப்பினார்கள். அடுத்த வருடம் இரண்டும் முட்டையிட்டன! ஆண் என்று நினைத்து அனுப்பியதும் பெண்தான். அவசரமாகத் தந்தி கொடுத்து ஒரு ஆணை வரவழைத்தார்கள். அங்கே பொரித்த குஞ்சுகளின் வம்சம் 1962-ல் மாவி மலைக்குத் திரும்பிப் போனது. குளிர் நாட்டு ஈரத்தில் வளர்ந்த வாத்து எரிமலைச் சரிவில் பிழைத்தது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

மொரீஷியஸ் இளஞ்சிவப்புப் புறாவின் கதை வேறு. 1990 வாக்கில் காட்டில் 10 பறவைதான், இப்போது சில நூறு. எண்ணிக்கை ஏறிவிட்டது, ஆனால் அந்தச் சிலவற்றிலிருந்து வந்ததால் மரபணுவில் பல வகைகள் காட்டிலிருந்தே தொலைந்துவிட்டன. அவற்றில் சில ஐரோப்பியப் பூங்காக்களில் இருக்கும் புறாக்களிடம் இன்னும் இருக்கின்றன. காட்டுப் பறவையைக் காப்பாற்றக் கூண்டுப் பறவை தேவைப்படுகிறது, அதுவும் வேறு கண்டத்திலிருந்து.

இவ்வளவு சொன்னதால் நான் பூங்காக்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023-ல் அமெரிக்காவின் மயாமி பூங்காவில், நியூசிலாந்தின் பறவையான கிவி ஒன்றைப் பிரகாசமான விளக்கு வெளிச்சத்தில் வைத்து, காசு கட்டியவர்களைத் தடவிப் பார்க்க விட்டார்கள். கிவி இருட்டில் வாழும் பறவை, அலகின் அடியில் பூனைமீசை மாதிரி உணர்முடி இருக்கும், அதையும் சேர்த்துத் தடவினார்கள். வீடியோ வெளியானதும் நியூசிலாந்தே கொதித்தது, பூங்கா மன்னிப்புக் கேட்டு அந்த நிகழ்ச்சியை நிறுத்தியது. நண்பர் கேட்கும் கோபம் இங்கே நூற்றுக்கு நூறு சரி. ஒரு பூங்காவில் இப்படி ஒரு பறவையைப் பார்த்தால் நான் கேட்பது இரண்டுதான்: எது எதற்குப் பிறந்தது என்று குறித்து வைக்கும் வம்சப் பதிவேடு யாரிடம் இருக்கிறது, திரும்பிப் போக வழி செய்கிறார்களா? பதில் இல்லையென்றால் அது வெறும் வேடிக்கைக் கூண்டு.

வழி செய்தாலும் காலம் சும்மா விடாது. ஹவாய் காகம், அலாலா, 2002-க்குப் பிறகு காட்டில் இல்லை. இதைப் பெரும்பாலும் ஹவாயிலேயேதான் வளர்த்தார்கள், கடல் தாண்டிய பிரச்சினை பெரிதாக இல்லை. ஆனாலும் கூண்டில் பிறந்த காகங்கள் காட்டுக் காகங்கள் மாதிரி குரல் கொடுப்பதில்லை என்று பழைய ஒலிப்பதிவுகளோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள், குறிப்பாக ஆபத்து என்று எச்சரிக்கும் குரலும், இது என் இடம் என்று சொல்லும் குரலும் குறைந்துபோயிருந்தன. 2016 டிசம்பரில் முதலில் விட்ட 5-ல் 3 சீக்கிரமே செத்துப்போயின. பிறகு பருந்தைக் காட்டிப் பயப்படப் பழக்கினார்கள், அப்புறம் விட்டவற்றையும் பருந்து பிடிக்கவே, 2020-ல் பிழைத்தவற்றைத் திரும்பப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். 2024-ல் அந்தப் பருந்து குடியில்லாத மாவியில் 5 காகங்களை விட்டிருக்கிறார்கள்.

இதனால்தான் சீக்கிரம் விடுவது முக்கியம், சொந்தத் தீவு தயாராகாவிட்டாலும்கூட. சிஹெக்குக்கு அப்படித்தான் செய்தார்கள். 2024 செப்டம்பரில் 9 பறவைகளை, குவாமிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் பால்மைரா பவளத்தீவில் விட ஆரம்பித்தார்கள். அங்கே மரப்பாம்பு கிடையாது, எலிகளையும் 2011-லேயே ஒழித்துவிட்டார்கள். சிஹெக் அந்தத் தீவின் பறவையே இல்லை, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், நண்பர் அடுத்து அதைத்தான் கேட்பார். கூண்டில் பிறந்து, மனிதர் கையால் தீனி வாங்கி வளர்ந்த பறவைகள், தாங்களாகவே பல்லியும் சிலந்தியும் பிடிக்கக் கற்றுக்கொண்டன. 2025-ல் முட்டையும் இட்டன.